காலை பத்தரை மணிக்கு வந்த நள்ளிரவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், அன்னூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. சரியாகச் சொன்னால், நடந்தது அங்கே அல்ல. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டில். அது நடப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தையும் முந்தின நாளே நான் என் கையால் செய்து முடித்திருந்தேன்.

அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவுக்கு எந்தப் படிவம், எதற்கு எத்தனை நகல், யார் ஒப்பமிட்ட பிறகு யார் ஒப்பமிட வேண்டும் என்பதெல்லாம் இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஓய்வுக்குப் பிறகு இந்த அறிவுக்கு வீட்டில் தேவை எதுவும் ஏற்படவில்லை. ஆகவே தேவையை நானே ஏற்படுத்திக்கொண்டேன்.

என் மனைவிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். அந்த வருடம் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அவளுக்கு அந்த முன்னறிவிப்பு எதுவும் வருவதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு குழறும், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். இரண்டு முறை அப்படி ஆனதும், மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அவள் போனுக்கு ஓர் எண்ணை அனுப்பும். அவள் போன் அதையே இணையம் வழியாக என் போனுக்கு அனுப்பும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். எழுபதுக்குக் கீழே போனால் இரண்டு போன்களும் சேர்ந்து கத்தும்.

எங்களுடையது பழைய வீடு. சுவர்கள் கனம். முன்னறையில் இருந்த வைஃபை பெட்டியின் வீச்சு சமையலறை வரை எட்டவில்லை. அவள் அடுப்படிக்குப் போனால் என் போனில் எண் நின்றுவிடும். அவளோ நாளில் பாதி நேரம் அங்கேதான். அதற்காகத்தான் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீச்சு அதிகமுள்ள புது ரவுட்டர் ஒன்று வாங்கினேன். கடையிலிருந்து ஆள் வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஆள் வந்தால் அவர் செய்ததை நான் சரிபார்க்க வேண்டியிருக்கும், இரட்டை வேலை.

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பென்சிலால் சுருக்கொப்பம் இட்டேன். பிறகு ஒழுங்கு செய்யத் தொடங்கினேன். புதுப் பாஸ்வேர்டு வைத்து, யாருக்கும் தரக் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். பழையது தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை வைஃபை தானாக மூடிக்கொள்ளும்படி நேரம் குறித்தேன். அவள் நள்ளிரவு வரை போனில் சீரியல் பார்ப்பதற்கு அது முடிவு கட்டும். அந்நேரத்தில் அவள் போன் என் தலைமாட்டிலேயே இருக்கும், கத்தினால் நான் எழுந்துகொள்வேன். நேரத்தை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று ரவுட்டர் கேட்டது. எங்கோ இருக்கும் கடிகாரத்தை நம்பி என் வீட்டைத் திறந்து மூடுவதா? என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே நேரம் வைத்தேன். அவள் போனில் மொபைல் டேட்டாவையும் நிறுத்தினேன். வீட்டில் இருக்கும்போது அது வைஃபைக்கும் டேட்டாவுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. எந்தத் தகவலும் உரிய வழியில் மட்டுமே போக வேண்டும் என்பது அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம்.

வேலை முடிந்ததும், ரவுட்டர் பழுதானால் என்ன செய்வது என்று ஒன்பது படிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

"எல்லாம் சரீங்க, இதைப் படிக்கறதுக்குக் கண்ணாடி எங்கன்னு பத்தாவதா எழுதிப்போடுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் மட்டும் கிளம்பினேன். முழங்கால் வலியால் அவள் வரவில்லை. கிளம்பும்போது கடைசியாக ஒன்று செய்தேன். சர்க்கரை இறங்கும் அபாயச் சத்தம் வந்தாலே அவள் பதறிப்போய் வெல்லத்தையும் பிஸ்கட்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, பிறகு முந்நூறுக்கு ஏற்றிக்கொள்வாள். தனியாக இருக்கும்போது அந்தப் பதற்றம் வேண்டாமென்று அவள் போனின் சத்தத்தை அமர்த்திவிட்டு, "நான் என் போன்ல பாத்துட்டே இருப்பேன், கொறஞ்சா நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றேன். பொறுப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் ஒன்பது மணிக்குப் பார்த்தபோது நூற்று நாற்பது. தாலி கட்டியதும் பார்த்தேன், நூற்றுப் பத்து. பத்தேகாலுக்குத் தொண்ணூற்றாறு, அம்புக்குறி கீழ்நோக்கி. பந்தியில் உட்கார்ந்ததும் எண்பத்து நான்கு, அம்பு இன்னும் கீழ்நோக்கி. அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். எண் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள் மட்டும் இருந்தன.

அவளை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. தரைவழித் தொலைபேசி இருந்தால் அதில் அழைத்திருக்கலாம். அதைச் சில வருடங்களுக்கு முன் உரிய கடிதம் கொடுத்து, ஒப்புகை பெற்று, ஒப்படைத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

எண் வராததற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ரவுட்டர் விழுந்திருக்க வேண்டும். அல்லது அவள் விழுந்து, போன் சென்சாருக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் என் போன் காட்டுவது அதே இரண்டு கோடுகளைத்தான். முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவற்றைப் பிரித்துப் பார்க்க என்னிடம் எந்த வழியும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒன்பது படிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாமே ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியவை.

பக்கத்து இலையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டு உறவு. போர்வெல் வண்டி வைத்திருப்பவர். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, எலையில வெச்சது வெச்சபடி இருக்குது. போனையே மொறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க?"

சொன்னேன். சென்சார், அம்புக்குறி, ரவுட்டர் என்று வரிசை மாறாமல் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் இலையை மூடிவிட்டார்.

"எந்திரிங்க. கார் வாசல்லதான் நிக்குது."

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையேங்க."

"சோறு எங்கீங்க போவுது. வாங்க."

அன்னூரிலிருந்து கோவைக்கு வரும் சாலையை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அது அத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கோவில்பாளையம் வருவதற்குள் அவளை ஒன்பது முறை அழைத்திருந்தேன்.

"பக்கத்து ஊட்டுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றார் அவர்.

"நம்பர் இல்லைங்க."

"எதுத்த ஊடு?"

"அதுவும் இல்லைங்க. எல்லாம் அவ போன்லதான் இருக்கும்."

"எத்தன வருசமாங்க அங்க குடியிருக்கீங்க?"

"பத்தொம்பது வருசமுங்க."

அவர் எங்கள் வழியில் இல்லாத ஒரு லாரியைப் பார்த்து ஹார்ன் அடித்தார். என் போனில் நானூற்றுச் சொச்சம் எண்கள் இருந்தன. மாவட்டம் மாவட்டமாக மாறிப்போன அதிகாரிகள், அவர்களுடைய நேர்முக உதவியாளர்கள், கலைக்கப்பட்டுவிட்ட ஒரு பிரிவின் தொலைபேசி எண் கூட இருந்தது. எங்கள் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டின் எண் இல்லை.

சரவணம்பட்டியில் சிக்னலில் நின்றோம். "நூத்தியெட்டுக்கு அடிச்சுப்போடலாமுங்க" என்றார்.

"ஒருவேளை வைஃபை கோளாறா மட்டும் இருந்துட்டா?"

"இருந்துட்டுப் போவட்டுமுங்க. வண்டி வந்து சும்மா திரும்புனா யாருங்க கோவிச்சுக்கப் போறாங்க?"

நான் அடிக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். உறுதி செய்யப்படாத தகவலின் பேரில் மேல்நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எத்தனையோ கோப்புகளில் நான் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "என்ன அவசரம்?" என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? என் போனில் ஓர் எண் வரவில்லை என்றா? "போய்ப் பாத்துட்டு அடிக்கலாமுங்க" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கணபதியில் நெரிசல் இருக்கும் என்று குறுக்குத் தெரு ஒன்றில் வண்டியைத் திருப்பினார்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பதினொன்று ஐம்பது. கேட் திறந்து கிடந்தது. வாசற்படியில் இரண்டு ஜோடி செருப்புகள். இரண்டுமே பெண்கள் செருப்பு, இரண்டுமே எங்கள் வீட்டுடையவை அல்ல. என் வயதில் ஒருவன், பகல் நேரத்தில், திறந்த கேட்டையும் தன் வீட்டு வாசலில் அந்நியச் செருப்புகளையும் பார்த்தால் என்ன நினைப்பானோ அதைத்தான் நினைத்தேன்: துக்கத்துக்கு ஆள் வந்தாயிற்று. கார்க் கதவைத் திறக்க என் கைக்குத் தெரியவில்லை. அவர்தான் சுற்றி வந்து திறந்துவிட்டார்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. என் மனைவியின் குரல். யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

"போதுமுங்க அம்மணி, இதுக்கு மேல சக்கரை போட்டா இது தண்ணியில்ல, பாகு."

 காரோட்டி வந்தவர் என் தோளில் கை வைத்து, "கேட்டுச்சுங்களா? உள்ள போங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெண் வீட்டார் மூலம் கண்டுபிடித்து நன்றி சொன்னேன். "பந்தி முடியறதுக்குள்ள திரும்பி வந்துட்டனுங்க, ரசம் மட்டுந்தான் ஆறிப்போச்சு" என்றார்.

உள்ளே மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் தெருமுனைக் கிளினிக்கின் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரோடு நின்றிருந்தவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்குப் பாடம் எடுப்பவர். நடந்ததை அவர்தான் சொன்னார். காலையில் என் மனைவி இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டு, சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டறதுன்னு ரெண்டு பிஸ்கட்டத் தின்னுட்டு இருந்துட்டேனுங்க" என்று குறுக்கே சொன்னாள் மனைவி. முப்பத்தேழு வருடத்தில் எனக்காக ஒரு வேளை கூட அடுப்பு மூட்டத் தவறாதவள்.

பதினொன்றேகால் வாக்கில் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து அழைப்புமணி அடித்திருக்கிறார். பதில் இல்லை. பின்பக்கம் சுற்றி, திறந்திருந்த கதவு வழியாக வந்து பார்த்தால், சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து இவள் உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. "உடுமலை பஸ் போயிருச்சா?" என்று கேட்டிருக்கிறாள். உடுமலைப்பேட்டை அவள் பிறந்த ஊர். அந்தப் பெண்மணியின் மாமியாருக்கும் சர்க்கரை இருந்ததால் விஷயம் உடனே புரிந்துவிட்டது. சர்க்கரையைக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, மடக்கு மடக்காக விழுங்க வைத்துவிட்டு, நர்ஸை அழைத்து வந்திருக்கிறார். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் விழுங்கவே முடிந்திருக்காது என்றார் நர்ஸ்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. எதுக்காக வந்தீங்க?" என்று கேட்டேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் விசாரணை செய்வது என் தொழில் வியாதி.

"பதினோரு மணிக்குக் கிளாஸுங்கண்ணா. கரண்ட் போய்ட்டு வந்ததுலிருந்து உங்க வைஃபையவே காணோமுங்க, அதான் அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் மனைவி, கண்ணை மூடியபடியே. "சாக்கடைக்குத் தோண்டறேன்னு அவுங்க ஊட்டு நெட் ஒயர அறுத்துப்போட்டாங்க. நேத்து நீங்க மாட்டி முடிச்ச ஒடனே குடுத்துட்டேன். இப்ப என்னங்கறீங்க?"

 நான் போட்ட உத்தரவை அவள் ஒரு மணி நேரம் கூடக் காப்பாற்றவில்லை. அதனால்தான் அவள் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் போன் அடுப்பு மேடையில் ஒரு துணிக்கு அடியில் கிடந்தது. இருபத்தாறு தவறிய அழைப்புகள். அபாயச் சத்தத்தை மட்டும் அமர்த்தியதாகத்தான் நான் நினைத்திருந்தேன். எல்லாச் சத்தத்தையும் அமர்த்தியிருந்தேன். தெளிந்த பிறகு எனக்கு ஏன் தகவல் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "கண்ணால ஊட்டுல இருப்பீங்க, எதுக்குப் பயப்படுத்தறதுன்னு நாந்தான் வேண்டாமுன்னேன்" என்றாள்.

அவள் சாப்பிட்டுப் படுத்த பிறகு ரவுட்டரிடம் போனேன். மின்சார விளக்கு எரிந்தது. இணைய விளக்கு எரிந்தது. வைஃபை விளக்கு மட்டும் எரியவில்லை. ஒன்பது படிகளையும் செய்து பார்த்தேன். பயனில்லை. கணினியை வயரால் இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். மூலையில் நேரம் தெரிந்தது. என் கைக்கடிகாரத்தில் மதியம் இரண்டு இருபது. ரவுட்டரில் அதிகாலை மூன்றே முக்கால்.

பத்தரை மணிக்கு ஐந்து நிமிடம் மின்சாரம் போய் வந்திருக்கிறது. நான் கையால் வைத்த நேரம் அதில் அழிந்துபோய், ரவுட்டர் தன் கடிகாரத்தை நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து தொடங்கியிருக்கிறது. நள்ளிரவில் வைஃபை மூடியிருக்க வேண்டும் என்பது என் உத்தரவு. மூடிவிட்டது. என் கீழ் வேலை பார்த்த எவரும் என் உத்தரவை அத்தனை சுத்தமாக நிறைவேற்றியதில்லை. மின்சாரம் தடைப்பட்டால் கையால் வைத்த நேரம் நிலைக்காது என்று கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் என் சுருக்கொப்பம் இருந்தது.

நேரத்தை இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரவு மூடும் உத்தரவை நீக்கினேன். டேட்டாவையும் சத்தத்தையும் திருப்பி வைத்தேன். எல்லாம் கால் மணி நேர வேலை. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் எண் வாங்கிக்கொண்டு வந்தது அதைவிடக் கடினமாக இருந்தது. பத்தொன்பது வருடம் கழித்து எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அதுவே போதிய தண்டனை.

மாலையில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்: "வர்ற வழியெல்லாம் ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"பின்னே?"

"என்னங்க நெனச்சுட்டு வந்தீங்க?"

"உன்னத்தான்" என்றேன்.

அது முழு உண்மை இல்லை. கோவில்பாளையம் வரை அவளைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வெளியூரில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் என்னிடம் என்ன கேட்பார்கள், எந்த அமைப்பை யார் மாற்றியது என்பார்கள் என்று எண்ணி, மெமோவுக்குப் பதில் எழுதுவதைப் போல மனதுக்குள் ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் அவர் நூற்றெட்டு என்றபோது அதில் மூன்றாவது பத்தியில் இருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து உடுமலை பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அதே நேரம்தான்.

இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்றும் என் போனில் எண் சற்றுத் தாமதமாகும்போதெல்லாம், முதலில் பதறுவது அவளுக்காகவா எனக்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், எல்லா நாளும் எனக்குப் பிடித்த பதில் வருவதில்லை.